முல்லேரன்

பென்சில்வேனியாவிலிருந்து வந்த உறை
வழியில் எங்கோ நனைந்து காய்ந்திருந்தது.
உள்ளே ஒரு மரம், தலைகீழாக.
உச்சியில் டொனிகோல்,
உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிய வருடம்,
மூன்று சகோதரர்.

ஒருவன் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி
பதினொரு பிள்ளைகளாக மேலே வந்தான்.
இன்னொருவனைக் கரை தெரியுமுன்னே
காய்ச்சலோடு கடலில் போட்டார்கள்.
மூன்றாமவன் ஓவன்.
ராணியின் கப்பலில் தச்சுவேலை.
கடைசிக் கடிதத்தின் தலைப்பில் எங்கள் ஊர்ப் பெயர்,
பிழையான எழுத்துகளில்.
அதற்குக் கீழே கேள்விக்குறி.

கேட்டிருந்தவர் மோரா என்று
ஓய்வுபெற்ற பல் வைத்தியர்.
பல்லைப் போலவே தேடியிருந்தார்,
வேர் எங்கே முறிந்ததென்று.

பங்குப் பணிமனையில் எனக்கு வேலை
ஞானஸ்நானச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பது.
இருநூறு ரூபா, பற்றுச்சீட்டு உண்டு.
பழைய புத்தகங்கள் அலுமாரியின் அடித்தட்டில்,
கறையான் படித்தது போக மீதி.
மூன்று நாள் தும்மினேன்.
நாலாம் நாள் பின்னேரம், மின்சாரம் நின்றபோது,
கைப்பேசி வெளிச்சத்தில்:
1858. குழந்தை யோவான்னா.
தாய் சவேரியாள், இவ்வூர்.
தந்தை ஓவன் முல்லேரன்.

அவன் வாயில் முல்ஹெர்ன்.
உபதேசியாரின் பேனாவில் முல்லேரன்.
அடுத்த புத்தகத்தில் முல்லேரி.
1911இல் ஒரு கலியாணத்தில் வெறும் முல்லை.
கொடியில் பூக்கிற சாதியென்று
யாரோ நினைத்துவிட்டார்கள்.

இறந்தோர் புத்தகத்தில் ஓவன் இல்லை.
கடற்படைக்காரரின் சேமக்காலையில்
பெயர் தேய்ந்த கற்களை விரலால் தடவிப் பார்த்தேன்.
ஒரு ஆடு மட்டும் என்னைச் சந்தேகமாய்ப் பார்த்தது.

பாலையூற்றில் ஒட்டுப்பட்டறை வைத்திருக்கிறார்
கிளெமன்ட் முல்லை.
கேற் ஒன்றுக்குக் கம்பி வைத்துக்கொண்டிருந்தவர்
முகமூடியை உயர்த்தினார்.
"ஐரிஷா? எங்களைப் பறங்கியெண்டுதானே சொல்லுறவை."
சிரித்தார். மனைவியைக் கூப்பிட்டு
"எஸ்மி, நாங்கள் அமெரிக்காவாம்" என்றார்.
"அப்ப இந்தக் கரண்ட் பில்லை அவையளை கட்டச் சொல்லுங்கோ"
என்றது குசினி.

மோரா அனுப்பிய படிவத்தில் கட்டங்கள்:
பிறப்பு, மணம், இறப்பு, இடம்.
தகப்பன், தாய், உப்புவெளியில் கட்டிய தங்கச்சி,
புயலில் போன மூத்த அண்ணன்,
எல்லாம் மளமளவென்று சொன்னார்.
மகனுக்கு வந்தோம்.
நைஜல். 1984, திருகோணமலை ஆஸ்பத்திரி.
மணம், கோடு.
அடுத்த கட்டத்தில் என் பேனா நின்றது.
குசினியிலும் ஏதோ நின்றது.

2007 ஆவணியில் சீனக்குடாப் பக்கம்
வேலைக்குப் போன பிள்ளை.
சைக்கிள் மட்டும் கிடைத்தது, செயின் கழன்று.
"மரணச் சான்றிதழ் தாறம் எண்டாங்கள்.
காசும் தருவாங்களாம். நான் வாங்கேல்லை."
சொல்லியபடி கட்டத்தின் மேல் விரலை வைத்தார்,
எழுதிவிடுவேனோ என்று.
கையிலிருந்த கிறீஸ் பதிந்தது.
நான் துடைக்க, இன்னும் பரவியது.

பிறகு கேட்டார்,
"ஓவனுக்கு அவையள் என்ன போட்டிருக்கினம்?"
"கேள்விக்குறி."
"எவ்வளவு காலமா?"
"நூற்று அறுபது வருசம் வரும்."
"ம்."
முகமூடி இறங்கியது.
நீல வெளிச்சம் வெடித்தது.
எல்லாரும் செய்வதுபோல் நானும்
வேறு பக்கம் பார்த்தேன்.

தபாற்கந்தோர் வாசலில் ஒரு மான்,
யாரோ எறிந்த விண்ணப்பப் படிவத்தைத்
தின்றுகொண்டிருந்தது.
உறையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மோரா அதை அழுக்கென்று நினைத்து
அழிக்கப் பார்க்கக்கூடும்.
சின்னத் துண்டொன்றில் எழுதி உள்ளே வைத்தேன்:
'நைஜலின் கட்டத்தில் இருப்பது கறையல்ல.'
ஒட்டுமுன் யோசித்து
துண்டை எடுத்துவிட்டேன்.